முதல் ஆர்டர் கொடுக்கும் நிபுணர்

கரையான்சாவடியிலிருந்து குமணன்சாவடியைத் தாண்டி, வேலப்பன்சாவடி பக்கமாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போனால் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் பிறந்த அரவிந்த் சென்னைக்கு வந்தது 2017இல்தான். பூந்தமல்லி, ஆவடி, திருவேற்காடு வட்டாரத்துப் பெரியவர்களுக்கு 'கண் ஆபரேஷன்' என்றால் இன்று நினைவுக்கு வரும் இடங்களில் அது ஒன்று. புரை விழுந்த கண்ணுக்குள் அங்கே வைக்கப்படும் லென்ஸ் பெரும்பாலும் அரவிந்தே தொடங்கிய லென்ஸ் ஆலையான மதுரை ஆரோலேபில் செய்தது. மூத்தோருக்கான மருத்துவப் பொருள் ஒன்று தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டு, விலை குறைந்து, உலகச் சந்தை வரை போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அது எப்படி நடந்தது என்று பார்த்தால், இன்று ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் 'மென்டார்' என்று சொல்லப்படும் ஆள் உண்மையில் யாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்தைத் தொடங்கினார். புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவதே அப்போது வழக்கம். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பழைய இருட்டுதான். பணக்கார நாடுகளில் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்றது. 1980களில் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை வழியாக நன்கொடை லென்ஸ்கள் மதுரைக்கு வந்தன. அவற்றைத் திரட்டும் வேலையில் இருந்தவர்களில் ஒருவர் டேவிட் கிரீன். நன்கொடையை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோது, நாமே செய்துகொள்வோம் என்ற முடிவுக்கு அரவிந்த் வந்தது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஒத்துவராது, கண்ணாடியே போதும் என்று அன்று சொன்னவர்களும் பெரிய நிபுணர்கள்தான். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் ஆரோலேப் இல்லை.

டேவிட் கிரீன் கண் மருத்துவரும் அல்லர், பொறியாளரும் அல்லர். யாரிடம் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கலாம், அதற்குப் பணம் எங்கே கிடைக்கும், ஒரு லென்ஸின் அடக்கவிலை உண்மையில் எவ்வளவு என்பதைத் துருவிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அவர். அமெரிக்காவின் சிறு லென்ஸ் நிறுவனம் ஒன்றிடமிருந்து தொழில்நுட்பம் வந்தது. 1992இல் ஆரோலேப் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் தூசியில்லாத அறையில் உட்கார்ந்து லென்ஸ் கடையக் கற்றுக்கொண்டார்கள். விலை முதலில் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்து சில டாலர்களுக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆரோலேப் சரக்கு போகிறது.

இந்தக் கதையை எல்லோரும் விலை குறைந்த கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லென்ஸ் தயாரானதும் அதை வாங்க ஒரு மருத்துவமனை காத்திருந்தது. அதே ஊரில், அதே நிர்வாகத்தின் கீழ் இருந்த அறுவை மருத்துவர்கள் அதை நோயாளியின் கண்ணில் வைத்துப் பார்த்து, எது சரியில்லை என்று சொல்லியனுப்ப முடிந்தது. ஆரோலேப் பிறந்த 1992ஆம் ஆண்டிலேயே லைக்கோ என்ற பயிற்சி நிறுவனமும் பிறந்தது. ஆர்.டி. துளசிராஜ் பொறுப்பில் அது இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்கு அரவிந்தின் நடைமுறைகளைச் சொல்லிக்கொடுத்தது. ஒரு நாளில் அதிக அறுவை செய்யக் கற்றுக்கொண்ட மருத்துவமனைக்கு அதிக லென்ஸ் தேவைப்படும். ஆக, பிறருக்கு வழிகாட்டியதே சந்தையை வளர்த்தது. அறிவுரை சொன்னவர்கள் முதல் வாடிக்கையாளராகவும் இருந்தார்கள், அல்லது அடுத்த வாடிக்கையாளரைக் கூட்டிவந்தார்கள். மூத்தோருக்கான பொருளைச் சந்தையில் சேர்க்கும் வழிகாட்டுதல் என்பது இதுதான் என்பது என் வாதம். மற்றதெல்லாம் பேச்சுத்துணை.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. மக்கள்தொகைக் கணிப்புக்கான தொழில்நுட்பக் குழு 2021க்கு 13.6 என்றும் 2031க்கு 18.2 என்றும் மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். தேவை இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பணமும் முற்றிலும் இல்லாமல் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021 ஜூனில் 'சேஜ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முதியோர் நலப் பொருள்களும் சேவைகளும் தரும் ஸ்டார்ட்அப்களை நிபுணர் குழு தேர்ந்தெடுக்கும். ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரை அரசு பங்கு முதலீடாகத் தரும். அரசின் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டாது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க 50 லட்சம் வரை மானியம் தருகிறது. தமிழ்நாடு அரசின் டான்சீட் தொடக்க நிதி தருகிறது. எந்த இன்குபேட்டரின் இணையதளத்தைத் திறந்தாலும் மென்டார்களின் படங்கள் வரிசையாக இருக்கும். படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஒரு வாக்கரையாவது பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும்.

வாங்குபவரைத் தேடிப் போ என்று சொல்லிக்கொடுக்கும் முறைகளும் உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் பயிற்சியில், ஒவ்வொரு குழுவிலும் ஆராய்ச்சியாளர், தொழில் நடத்தப்போகிறவர் இவர்களோடு தொழில்துறை அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரும் உறுப்பினராக இருந்தாக வேண்டும். சில வாரங்களுக்குள் நூறு பேரை நேரில் சந்தித்துப் பேச வேண்டும். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 2014இல் மருத்துவப் புத்தாக்கத்துக்கும் இதை எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடியில் 2017இல் தொடங்கிய கோபாலகிருஷ்ணன்–தேஷ்பாண்டே மையம் நடத்தும் ஐ-இன்குபேட் பயிற்சி இதே வழியில் வந்தது. நல்ல முறைதான். ஆனால் நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பையன் பொருளைக் காட்டி, "எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்டால், "நல்லாத்தான்ப்பா இருக்கு, நல்லா வருவே" என்பார்கள். வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது. நூறு பேரைச் சந்தித்தால் நூறு வாழ்த்து கிடைக்கும். கையில் பிடிக்க வழுக்குகிறது, மருமகளை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டியிருக்கிறது, மூலையில் துணி காயப்போட்டு வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் நேர்முகத்தில் வராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வேறு: வாரம் இருமுறை வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், இரவு நேர அட்டெண்டர், சர்ஜிகல்ஸ் கடைக்காரர்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் ஆவடி சாலையிலும் இருக்கும் சர்ஜிகல்ஸ் கடைகளில் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். வாசலில் கமோடு சேர், வாக்கர், நாலுகால் ஊன்றுகோல். உள்ளே ஏர் பெட், டயப்பர் கட்டுகள், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர். வாங்க வருபவர் பெரும்பாலும் மகன். அவர் கேட்கும் முதல் கேள்வி, "வாடகைக்குக் கிடைக்குமா?" அப்பா எத்தனை மாதம் இப்படி இருப்பார் என்று தெரியாதபோது யார் விலைக்கு வாங்குவார்கள்? அடுத்தது, "ஆட்டோவில் போகுமா?" மூன்றாவதுதான் விலை. பயன்படுத்தப்போகிறவர் கடைக்கு வருவதே இல்லை. திரும்பி வந்த வாடகைப் பொருள்களைப் பார்ப்பது இன்னும் நல்ல பாடம். வாக்கரின் நான்கு ரப்பர் புஷ்களில் முன்னிரண்டு மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். தூக்கி வைக்கத் தெம்பில்லாமல் தரையில் இழுத்து இழுத்து நடந்திருக்கிறார் யாரோ ஓர் அம்மா. சக்கரநாற்காலியின் கைவளையத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். குளியலறைக் கதவு இரண்டரை அடி. நிலைச்சட்டம் போகக் கிடைக்கும் இடைவெளியில் வழக்கமான நாற்காலி உரசிக்கொண்டுதான் போகும். போனாலும் உள்ளே திருப்ப இடமிருக்காது. கதவுக்குக் கீழே தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு மேடு வேறு. ஆய்வகத்தில் உட்கார்ந்து வடிவமைப்பவருக்கு இந்த மேட்டைப் பற்றிச் சொல்ல எந்தப் பேராசிரியரும் தேவையில்லை. அந்தக் கடைக்காரர் போதும். ஆனால் அவரை யாரும் நிபுணர் என்று அழைப்பதில்லை.

இதற்கு அருகில் வந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம், சக்கரநாற்காலியில் இருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலியை 2019இல் வெளியிட்டது. விலை 15,000 ரூபாய் அளவில் வைக்கப்பட்டது. அதைச் செய்து விற்க அவர்கள் புதிதாக ஒரு கம்பெனியைத் தொடங்கவில்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான வார்மர்கள் செய்து பெயர் பெற்ற சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸோடு சேர்ந்தார்கள். டீலர்களும் சர்வீஸ் ஆட்களும் ஏற்கெனவே உள்ள நிறுவனம். செயற்கை முழங்கால் மூட்டான 'கதம்' 2022இல் வந்தபோது பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா கூட இருந்தது. செயற்கைக் கால் பொருத்திப் பழகிய கைகள் அங்கே இருந்தன. அதே மையத்திலிருந்து வெளிவந்த நியோமோஷன் மட்டும் தனி ஸ்டார்ட்அப்பாக நின்று, ஒவ்வொருவர் உடல் அளவுக்கும் ஏற்ப நாற்காலி செய்து தருகிறது. பக்கவாதத்தில் கை இழுத்துக்கொண்டவர்களுக்காக வேலூர் சிஎம்சியோடு சேர்ந்து உருவான 'புளூட்டோ' கருவியின் கதை இன்னும் சுவையானது. அங்கே மறுவாழ்வு மருத்துவப் பிரிவே வடிவமைப்பில் பாதி. நோயாளி எந்த நிமிடத்தில் சலித்துப்போய்ப் பயிற்சியை நிறுத்துகிறார் என்று தினமும் பார்ப்பவர்கள் மேசையின் இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார்கள்.

இவையெல்லாம் முதியோருக்காகவே செய்யப்பட்டவை அல்ல. வயதானவரும் பயன்படுத்தலாம் என்பதே உண்மை. ஆனாலும் எது சந்தை வரை போனதோ அதில், விற்கவோ பொருத்தவோ தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே கூட இருந்திருக்கிறார்.

சரி, வாங்குவதற்கான பணம் யாருடையது? வழிகாட்டிகள் அதிகம் தடுமாறும் இடம் இது. 2024 அக்டோபரிலிருந்து 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இரண்டும் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். வீட்டுக் குளியலறையில் விழாமலிருக்கக் கைப்பிடி போட்டுக்கொள்ள எந்தக் காப்பீடும் பணம் தராது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்தால் தரும். மறுபக்கம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் ஊன்றுகோல், வாக்கர், செவித்துணைக் கருவி, சக்கரநாற்காலி, பல்செட் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோ வழியாக அவை வருகின்றன. ஏழைக்கு நல்லது, மறுக்க முடியாது. ஆனால் புதிதாக வருபவரின் போட்டியாளர் விலையே இல்லாத பொருள் என்றாகிறது. சேஜ் திட்டத்தை நடத்துவதும் வயோஸ்ரீயை நடத்துவதும் ஒரே அமைச்சகம்! ஒரு கையால் முதலீடு கொடுத்து, வாங்கும் கையை வேறு பக்கம் நீட்டியிருக்கிறது.

ஜப்பானில் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தார்கள். 2000இல் வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் சக்கரநாற்காலி, சாய்வுக்கட்டில் போன்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். பயனாளி தருவது பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு. வருமானம் கூடியவர்களுக்கு அதைவிட அதிகம். எந்தப் பொருள் யாருக்குப் பொருந்தும் என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கிறார். கருவி செய்பவருக்கு நிலையான வாடிக்கையாளர் கிடைத்தார், வீட்டுக்குத் தேவையான காலம் மட்டும் பொருள் கிடைத்தது. நம் சர்ஜிகல்ஸ் கடைகள் எந்தச் சட்டமும் இல்லாமல் இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன என்பது வேடிக்கை.

கரையான்சாவடி பக்கம் பார்க்காமல் விடப்பட்ட ஒரு வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து சாலை வடக்கே போகும் ஆவடியில் 1960களிலிருந்து கனரக ஊர்தித் தொழிற்சாலை. அதோடு படைத்துறை சார்ந்த மற்ற ஆலைகள், விமானப்படை நிலையம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் இந்த வட்டாரமெங்கும் வீடு கட்டி இருக்கின்றன. அவர்களில் பலரிடம் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்ட அட்டையோ முன்னாள் படைவீரர் திட்ட அட்டையோ உண்டு. செவித்துணைக் கருவி, தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கான கருவி போன்றவற்றுக்கு அந்தத் திட்டங்களில் உச்சவரம்பு விலையோடு பணம் திரும்பக் கிடைக்கும். அந்த வரம்புக்குள் அடங்கும் விலையில் பொருள் செய்தால் சந்தை உண்டு. பத்து ரூபாய் தாண்டினால் வித்தியாசம் பென்ஷனிலிருந்து போகும். இதை ஒரு ஸ்டார்ட்அப்புக்கு யார் சொல்வது? துணிகர மூலதன நிறுவனத்தின் பங்குதாரர் சொல்லமாட்டார். பில்லோடு டிஸ்பென்சரி வரிசையில் நின்ற ஓய்வூதியர் சொல்வார்.

அவரே இன்னொன்றும் சொல்லக்கூடியவர். டாங்கி செய்யும் ஆலையில் தர ஆய்வில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு, ஒரு சாம்பிள் சரியாக வருவதற்கும் ஆயிரமாவது பொருளும் அதேபோல் வருவதற்கும் உள்ள தூரம் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குழாய் வளைப்பவர்கள், பவுடர் கோட்டிங் போடுபவர்கள், பிளாஸ்டிக் மோல்டு செய்பவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது எண்ணிக்கை ஜாப் ஆர்டரை எடுத்துக்கொள்ள அவர்களை இணங்கவைப்பது தனிக் கலை. மோல்டுக்கு லட்சக்கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு கைப்பிடியின் தடிமனை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்து, அங்கேயே பணம் முடிந்துபோகும் நிறுவனங்கள் உண்டு. மோல்டு எப்போது வெட்டுவது என்ற ஒரு முடிவுக்கு மட்டும் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால், அது மானியத்தைவிடப் பெரிய உதவி.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதற்கு மட்டும் ஆலோசகர்கள் தாராளமாகக் கிடைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும், மருத்துவ நோக்கத்துக்கான மென்பொருள் உட்பட, சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஏ வகையில் சிலவற்றுக்கும் பி வகைக்கும் 2022 அக்டோபரிலும் சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலும் உரிமம் கட்டாயமானது. தொடக்கத்திலேயே எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மருத்துவ அறிவுக்கும் இங்கே குறைவில்லை. முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. போரூரில் ஸ்ரீராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி, ஏசிஎஸ் மருத்துவக் கல்லூரி என்று பக்கத்திலேயே நிறைய இருக்கின்றன. பூந்தமல்லியிலேயே பார்வைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் இருக்கிறது. இவர்களிடம் ஸ்டார்ட்அப்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு பாராட்டுக் கடிதம் அல்லது ஒரு சிறு சோதனை. கேட்க வேண்டியது, இதை உங்கள் பிரிவு வாங்குமா, வாங்காது என்றால் ஏன் என்பது.

வாங்குமா என்று கேட்பதற்கு இன்று தமிழ்நாட்டில் மிகப் பெரிய இடம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு மருத்துவமும் வீட்டிலேயே கிடைக்கின்றன. தெருத்தெருவாக நடக்கும் பெண் தன்னார்வலருக்கு எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் கம்பு ஊன்றி நடக்கிறார் என்பது மனப்பாடம். நல்ல வாக்கருக்கும் மோசமான வாக்கருக்கும் உள்ள வேறுபாட்டை ஆறு மாதத்தில் அவர் சொல்லிவிடுவார். அவருடைய ஊக்கத்தொகையோடு வழிகாட்டிக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால், பல இன்குபேட்டர்கள் செலவிடும் மென்டார் பணத்தைவிட அது நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. வழிகாட்டுபவரே வாங்கவும் செய்தால் அது சொந்த ஆதாயத்துக்கு வழி விடாதா? இந்தத் துறையில் வழிகாட்டிக்குச் சம்பளத்துக்குப் பதில் கம்பெனியில் பங்கு கொடுப்பது வழக்கம். பங்கு வைத்திருக்கும் மருத்துவர், தன் மருத்துவமனை எதை வாங்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் உட்கார்ந்தால் நோயாளிதான் ஏமாறுவார். ஆரோலேபில் இது பெரிதாக எழாததற்குக் காரணம், அது லாபம் பிரித்துக்கொள்ளாத அறக்கட்டளை. லென்ஸ் விற்றால் எந்த மருத்துவரின் சட்டைப்பைக்கும் பணம் போகவில்லை. எல்லா ஸ்டார்ட்அப்பும் அறக்கட்டளையாக முடியாது. ஆகவே பங்கு வாங்கியவர் ஆர்டர் கொடுக்கும் மேசையில் உட்காரக்கூடாது. கட்டணம் மட்டும் வாங்கியவர் சோதனை அறிக்கையை எழுதிப் பெயர் போட்டு வெளியிட வேண்டும், பொருள் தேறவில்லை என்றாலும்.

அதற்குப் பிறகு கொள்முதல். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதில் 1994 முதல் பழகியது. மருந்து விலையைக் குறைத்ததில் அதன் பங்கு பெரிது. ஆனால் மொத்தக் கொள்முதலுக்கு ஆண்டு விற்றுமுதலும் முன் அனுபவமும் கேட்பார்கள். புதியவரிடம் இரண்டும் இருக்காது. மத்திய அரசுத் துறைகள் ஸ்டார்ட்அப்களுக்கு இந்த இரண்டு நிபந்தனைகளையும் தளர்த்தலாம் என்று 2016 முதலே விதி இருக்கிறது. கழகமும் அப்படிச் சிறிதாகத் தொடங்கலாம்: பூந்தமல்லி, வில்லிவாக்கம் என்று இரண்டு ஒன்றியங்கள், ஐம்பது வாக்கர், ஆறு மாதம், தேய்ந்த ரப்பர் புஷ்ஷை யார் மாற்றிக்கொடுப்பது என்ற நிபந்தனையோடு ஒரு சிறு ஆர்டர் போதும். ஸ்டார்ட்அப் அந்த ஆர்டரைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம், அம்பத்தூரில் மோல்டு வெட்டச் சொல்லலாம்.